"இந்தக் கணினியில் ஓடாது" என்றால் என்ன அர்த்தம்?

புதிதாக ஒரு இயங்குதளம் (ஓஎஸ்) அறிவிக்கப்பட்டால் போதும், அன்று மாலைக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். "நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மெஷின், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, இதற்குத் தகுதி இல்லை என்றால் எதற்குத்தான் தகுதி" என்று ஒரு கட்சி. "இன்னும் எத்தனை காலத்துக்குப் பழைய மூட்டையைச் சுமப்பது, தூக்கிப் போட்டால்தான் ஓஎஸ் உருப்படும்" என்று எதிர்க்கட்சி. ஒருவருக்கொருவர் பதில் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால் முதல் ஆள் பேசுவது வன்பொருள் தேவையைப் பற்றி, இரண்டாவது ஆள் பேசுவது பின்னோக்கு இணக்கத்தைப் பற்றி. தனித்தனி விஷயங்கள். இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

ஓஎஸ்ஸை நடுவில் நிற்கும் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பிராசசர், ரேம், டிஸ்க் எல்லாம் இருக்கின்றன. மேலே நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள். கீழே பார்த்து "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று ஓஎஸ் கேட்பது வன்பொருள் தேவை. மேலே இருக்கும் பழைய மென்பொருள் "முந்தைய ஓஎஸ் எனக்குச் செய்துகொடுத்ததை நீயும் செய்வாயா" என்று கேட்பது பின்னோக்கு இணக்கம். பேச்சு வழக்கில் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்பார்கள். ஒன்றில் ஓஎஸ் கேட்கிற பக்கம், இன்னொன்றில் கொடுக்கிற பக்கம்.

அப்புறம் "ஓடாது" என்ற சொல். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதி ஒளிந்திருக்கிறது. ஒன்று, நிஜமாகவே ஓட முடியாது, சிப்பில் அந்த வசதியே கிடையாது. இரண்டு, ஓடும், ஆனால் இழுத்து இழுத்து உயிரை வாங்கும். மூன்று, ஓடும், ஆனால் ஓட விடமாட்டோம் என்று தயாரிப்பாளர் முடிவு செய்திருக்கிறார். எந்த "ஓடாது" என்று கேட்டுவிட்டால் பாதி வாதம் அங்கேயே தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ரேம் கணக்கு

முதலில் இழுக்கும் வகையைப் பார்த்துவிடுவோம், எல்லோருக்கும் பழக்கமானது இதுதான். 1995இல் வந்த விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச ரேம் 4 எம்பி. தட்டச்சுப் பிழை இல்லை, எம்பியேதான். 2001இல் எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. 2007 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, ஹோம் பேசிக் என்ற எளிய பதிப்புக்கு 512 எம்பியும் மற்ற பதிப்புகளுக்கு 1 ஜிபியும் கேட்டது. 2009இல் விண்டோஸ் 7 கேட்டது 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதும் அதே 1, அதே 2. 2021இல் விண்டோஸ் 11 அதை 4 ஜிபி ஆக்கியது.

இந்த வரிசையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஏற்றம் இல்லை, நடுவில் இருக்கும் சமவெளி. எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போகும்போது எண் எட்டு மடங்கு எகிறியது, மக்கள் கொதித்தார்கள். 2009க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் எண்ணே நகரவில்லை. 2009இல் வாங்கிய சாதாரண மடிக்கணினியில் 2015இன் ஓஎஸ் போட முடிந்தது. ஒரு தலைமுறையே "புது ஓஎஸ் வந்தால் பழைய மெஷினில் போட்டுக்கொள்ளலாம், அது இயற்கை நியதி" என்று பழகிவிட்டது. 2021இல் கதவு மூடப்பட்டபோது வந்த அதிர்ச்சிக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். அதற்கு முன்னால் 80களிலும் 90களிலும் கணினி வைத்திருந்தவர்களைக் கேட்டால், மூன்று வருடத்தில் மெஷின் கிழடாகிவிடும் என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

சரி, குறைந்தபட்சம் என்றால் என்ன? பலரும் "இது இருந்தால் போதும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது இன்ஸ்டால் ஆகும், பூட் ஆகும், டெஸ்க்டாப் வரும் என்ற அளவுக்கான உறுதி மட்டுமே. நீங்கள் பிரவுசரைத் திறந்து இருபது டேப் வைப்பீர்கள் என்று அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. ரேம் போதாதபோது ஓஎஸ் நின்றுபோகாது. இப்போது தேவைப்படாத பகுதிகளை டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு இடம் பண்ணிக்கொள்ளும், திரும்பத் தேவைப்பட்டால் டிஸ்கிலிருந்து எடுத்துவரும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் நீங்கள் சொடுக்கியதற்கும் ஜன்னல் திறப்பதற்கும் நடுவில் அந்த எரிச்சலூட்டும் இடைவெளி வருகிறது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் "கணினியே புதுசாகிவிட்டது" என்று பலர் சொல்வது இதனால்தான். பிராசசர் அதே பிராசசர்தான், போய்வரும் தூரம் குறைந்துவிட்டது, அவ்வளவே.

குறைந்தபட்சத்துக்கும் போதுமானதற்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில் மைக்ரோசாஃப்ட்டே ஒருமுறை விழுந்தது. விஸ்டா வருவதற்கு முன், 2006இல், கடையில் இருந்த எக்ஸ்பி கணினிகளின் மேல் 'விஸ்டா கேப்பபிள்', அதாவது விஸ்டா ஓடக்கூடியது, என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ரேம் இருந்தால் அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. ஆனால் விஸ்டா என்று விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற ஏரோ தோற்றத்துக்குப் புதுவகை கிராஃபிக்ஸ் டிரைவர் (கருவியோடு பேச ஓஎஸ்ஸுக்கு உதவும் சிறு நிரல்) தேவைப்பட்டது. அப்போது பரவலாக இருந்த இன்டெல் 915 சிப்செட்டால் அதைத் தர முடியவில்லை. ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர்களுக்கு விஸ்டா ஓடியது, விளம்பரத்தில் பார்த்த விஸ்டா ஓடவில்லை. 2007இல் அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள், நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் நீதிமன்றம் வழியாக வெளியே வந்து மானம் போனது. எல்லோர் சார்பிலும் சேர்த்து நடத்தும் வழக்கு என்ற தகுதியை நீதிமன்றம் 2009இல் நீக்கிவிட்டது என்பது வேறு கதை.

நிஜமாகவே முடியாதவை

இந்த வகை அரிது. ஆனால் இருக்கும்போது வாதத்துக்கு இடமே இல்லை. பிராசசர் என்பது குறிப்பிட்ட கட்டளைகளை மட்டுமே அறிந்த ஒரு பொருள். அறியாத கட்டளையைக் கொடுத்தால் மெதுவாகச் செய்யாது, செய்யவே செய்யாது, நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற கட்டளையைக் கட்டாயமாக்கியது. அது இல்லாத மிகப் பழைய சிப்களில் அந்த ஓஎஸ் பூட் ஆவதே இல்லை, எந்தக் குறுக்கு வழியும் பலிக்காது.

இலவச ஓஎஸ்ஸான லினக்ஸிலும் இப்படி ஒன்று நடந்தது, எனக்குப் பிடித்த உதாரணம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுத ஆரம்பித்தது இன்டெல் 386 பிராசசர் இருந்த ஒரு கணினியில். 2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.8 கர்னலில் (கர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அந்த 386க்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். 486இல் வந்த சில கட்டளைகள் 386இல் இல்லை, அதற்காகவே கர்னலுக்குள் தனி ஒட்டு வேலை செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. பிறந்த வீட்டையே காலி செய்தது போலத்தான். ஆனால் அந்த ஒட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

32 பிட், 64 பிட் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி என்றால் அது 4 ஜிபி. அதற்கு மேல் ரேம் வைத்தாலும் வழக்கமான வழியில் சுட்டிக்காட்ட எண் இல்லை. 64 பிட்டுக்கு மாறியதற்கு முதல் காரணம் இதுதான். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது என்று கேட்டதும் "என் 32 பிட் மென்பொருள் எல்லாம் போச்சா" என்று பதறுகிறவர்கள் உண்டு. போகவில்லை. 32 பிட் பிராசசரில் அந்த ஓஎஸ் ஓடாது, 32 பிட் மென்பொருள் அந்த ஓஎஸ்ஸில் ஓடும். கீழ்ப்பக்கக் கேள்வியையும் மேல்பக்கக் கேள்வியையும் குழப்பிக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

ஓட விடமாட்டோம் வகை

2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது வெடித்த சண்டை இந்த வகையைச் சேர்ந்தது. ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடித்தது இரண்டு விஷயம். ஒன்று டிபிஎம் 2.0. இன்னொன்று அனுமதிக்கப்பட்ட பிராசசர்களின் பட்டியல்: இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அறிவிப்பு வந்தபோது நாலைந்து வருடமே ஆகியிருந்த, பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த ஏழாம் தலைமுறை கணினிகள் ஒரே நாளில் தகுதியற்றவை ஆகிவிட்டன. தகுதி இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த செயலி, முதலில் "இல்லை" என்று மட்டும் சொன்னது, ஏன் இல்லை என்று சொல்லவில்லை. எரிகிற தீயில் எண்ணெய். கொஞ்ச நாளில் அந்தச் செயலியையே திரும்பப் பெற்றுத் திருத்தினார்கள்.

டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் ஒரு சிறு பெட்டகம். தனிச் சிப்பாகவும் இருக்கலாம், பிராசசரோடு வரும் ஃபர்ம்வேருக்குள்ளும் (சிப்பிலேயே பதிந்திருக்கும் நிரல்) இருக்கலாம். உங்கள் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் சாவியை ஒரு கோப்பில் வைத்தால் கணினிக்குள் நுழைந்த திருடன் கோப்பையும் எடுத்துக்கொள்வான். டிபிஎம்மில் வைத்தால், கணினி பூட் ஆகும் பாதை மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் அது சாவியைக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு, நான் இதை எதிர்க்கவில்லை. அன்றைக்கு "என் மெஷினில் டிபிஎம் இல்லை" என்று புலம்பியவர்களில் பலருடைய கணினியில் அது இருந்தது, பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை நிரல்) செட்டிங்கில் அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

பிராசசர் பட்டியல்தான் இடிக்கிறது. மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம் பாதுகாப்பும் நிலைத்தன்மையும். சோதனைக் காலத்தில் தகுதி இல்லாத கணினிகளில் கர்னல் அளவிலான கிராஷ் 52 சதவீதம் அதிகமாக இருந்தது என்றும், தகுதியானவை 99.8 சதவீதம் கிராஷ் இல்லாமல் ஓடின என்றும் எண் கொடுத்தார்கள். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் 0.2இன் மேல் 52 சதவீதம் அதிகம் என்றால் ஏறக்குறைய 0.3தான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வாதத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. கர்னலை மற்ற நிரல்களிடமிருந்து ஒரு மெல்லிய மெய்நிகர் சுவரால் பிரித்து வைக்கும் வசதி, அதற்கென்று வன்பொருள் உதவி இல்லாத பழைய சிப்களில் வேகத்தைக் கணிசமாகத் தின்னும். ஆனால் அந்த உதவி இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது, அதைப் பட்டியலில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர சேர்க்கவில்லை. ஆக, கோடு எங்காவது போட வேண்டும், போட்டார்கள், அது பொறியியல் கோடு மட்டும் இல்லை, நிர்வாகக் கோடும்கூட.

இது மூன்றாவது வகைதான் என்பதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். ஆரம்பத்தில் மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில், டிபிஎம் 1.2 இருந்தால் போதும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) இந்த ஒரு மாற்றத்தைச் செய்து மேம்படுத்திக்கொள்ளலாம், பொறுப்பு உங்களுடையது என்று எழுதியிருந்தது. முடியாத காரியத்துக்கு யாரும் குறுக்கு வழி எழுதிக்கொடுக்க மாட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும்தான் இந்த "விடமாட்டோம்" முழு கனத்தோடு விழுந்தது. அதுவரை பழையதிலேயே இருந்துவிடலாம் என்ற வாசல் திறந்திருந்தது.

மேல்பக்கக் கேள்வி

இப்போது எதிர்க்கட்சியின் மூட்டைக்கு வருவோம். பழைய மென்பொருளை ஓட வைப்பது என்றால் முந்தைய ஓஎஸ் கொடுத்த கட்டளைகளை எல்லாம் புதியதிலும் வைத்திருந்தால் போதும் என்று தோன்றும். அது எளிய பகுதி. கஷ்டமானது, ஓஎஸ் ஒருபோதும் வாக்குக் கொடுக்காத, தற்செயலாக அப்படி அமைந்த நடத்தையையும் மென்பொருள்கள் நம்பியிருக்கும் என்பது.

பிரபலமான சம்பவம் ஒன்று. சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை இருந்தது: "இந்த நினைவிடம் எனக்கு இனி வேண்டாம்" என்று ஓஎஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே அதே இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸில் அந்த இடத்தை உடனடியாக யாரும் எடுக்கவில்லை, அதனால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 உருவாகும்போது விளையாட்டு விழ ஆரம்பித்தது. தப்பு யாருடையது? சந்தேகமே இல்லாமல் விளையாட்டினுடையது. ஆனால் வாங்கியவர் என்ன நினைப்பார்? "நேற்றுவரை ஓடியது, புது விண்டோஸ் போட்டதும் போச்சு" என்பார். அதனால் விண்டோஸ் 95க்குள், ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, ஆமாம் என்றால் நினைவிடத்தை உடனே விடுவிக்காமல் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி தனியாக எழுதி வைத்தார்கள். ஒரு விளையாட்டுக்காக ஓஎஸ் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது.

பொய் சொல்வதும் உண்டு. விண்டோஸ் 95இன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் பழைய நிரல்கள் கேட்டால் 3.95 என்று சொல்லும். ஏனென்றால் "3.10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா" என்று பார்க்க வேண்டிய நிரல்களில் பல, புள்ளிக்கு முன் இருக்கும் எண் 3க்குக் குறையக் கூடாது, பின்னால் இருப்பது 10க்குக் குறையக் கூடாது என்று தனித்தனியாகப் பார்த்தன. 4.0 என்றால் புள்ளிக்குப் பின் பூஜ்ஜியம், "உங்கள் விண்டோஸ் மிகப் பழையது" என்று நிரல் கைவிரித்துவிடும்! 95 என்று சொன்னால் கேள்வியே வராது. விண்டோஸ் 7 உள்ளுக்குள் 6.1 என்றும், விண்டோஸ் 11 இன்றைக்கும் 10.0 என்றும் தன்னைச் சொல்லிக்கொள்வதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்களா? அதே பரம்பரைதான். 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32 என்ற கோப்புறையிலும், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற கோப்புறையிலும் இருப்பதும் இதில் சேர்த்தி. பெயரை மாற்றினால் எத்தனையோ மென்பொருள் உடையும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இதை முதல்முறை பார்த்தபோது யாரோ தலைகீழாக வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

லினக்ஸ் கர்னலிலும் இந்தப் பிடிவாதம் உண்டு. கர்னல் மாற்றத்தால் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரல் நின்றால் அது கர்னலின் பிழை, நிரலைக் குறை சொல்லாதே என்பது டோர்வால்ட்ஸின் விதி. ஆனால் கர்னலுக்கு மேலே இருக்கும் நூலகங்களும் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துண்டுகள்) உபுண்டு போன்ற வினியோகங்களும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை இல்லை. 2019இல் உபுண்டு தன் 19.10 பதிப்பில் 32 பிட் தொகுப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்டீம் விளையாட்டுத் தளம் நடத்தும் வால்வ் "அப்படியானால் இனி உபுண்டுவை ஆதரிக்க மாட்டோம்" என்றதும் சில நாட்களில் பின்வாங்கி, தேவையான 32 பிட் நூலகங்களை வைத்துக்கொண்டது.

ஆப்பிள் வேறு ஜாதி. பவர்பிசி பிராசசரிலிருந்து இன்டெல்லுக்கு 2006இல் மாறியபோது ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளரை வைத்தது, பழைய நிரலின் கட்டளைகளைப் புதுச் சிப்புக்குப் புரியும்படி அது மாற்றிக்கொடுக்கும். 2011இல் லயன் என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு அதைத் தூக்கிவிட்டது. 2019இல் கேட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள் அத்தனையும் ஒரே வெட்டு. 2020இல் எம்1 சிப்போடு ரோசெட்டா 2. பாலம் கட்டு, கொஞ்ச வருடம் நடக்க விடு, பிறகு பாலத்தை இடித்துவிடு என்பதுதான் அவர்கள் முறை. வன்பொருளும் ஓஎஸ்ஸும் ஒரே கையில் இருப்பவருக்கு இது சாத்தியம். பத்தாயிரம் நிறுவனங்களின் கருவிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் பழைய பதிப்பை விட்டு அசையவே மாட்டார்.

வெட்டினால் ஓஎஸ் இலேசாகும் என்ற நம்பிக்கைக்கும் ஆப்பிளே பதில் வைத்திருக்கிறது. 32 பிட் ஆதரவு இருந்த, கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவி கேட்டது 2 ஜிபி ரேம். அதை வெட்டிய கேட்டலினா கேட்டது 4 ஜிபி. வெட்டியதால் கூடியது என்று நான் சொல்லவில்லை. பழையதைச் சுமக்கும் நிரல் பெரும்பாலும் டிஸ்கில் ஒரு மூலையில் தூங்கும், கூப்பிட்டால்தான் ரேமுக்கு வரும். இன்றைய ஓஎஸ்ஸின் கனம் பெரும்பாலும் மேசைத்திரை அலங்காரம், பின்னணிச் சேவைகள், தேடல் அட்டவணை, பாதுகாப்புச் சுவர், பிரவுசர் எஞ்சினை உள்ளே வைத்துக்கொண்டு செய்த செயலிகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. சிம்சிட்டிக்காக எழுதிய பத்து வரியால் யாருடைய கணினியும் திணறவில்லை.

பின்னோக்கு இணக்கத்துக்கு நிஜமான விலை வேறு இடத்தில் இருக்கிறது: பராமரிக்கும் ஆட்கள், சோதிக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலே திறந்தே கிடக்கும் பழைய வாசல்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பி 1 என்ற மிகப் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. பழைய கருவிகள் பேச வேண்டுமே என்பதற்காகவே பல இடங்களில் அந்த வாசல் மூடப்படாமல் இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டையைத் தூக்கிப் போடு என்பவர்கள் வேகத்தைப் பேசாமல் இதைப் பேசினால் நான் அவர்கள் பக்கம் வந்துவிடுவேன்.

மறுபக்கத்துக்கும் ஒன்று. 2001இல் இன்டெல் ஐட்டேனியம் என்ற புத்தம்புது 64 பிட் வடிவமைப்பைக் கொண்டுவந்தது. பழைய எக்ஸ்86, அதாவது வழக்கமான பிசி சிப்களுக்கான, மென்பொருள் அதில் ஓடியது, ஆனால் நத்தை வேகத்தில். 2003இல் ஏஎம்டி, இருக்கிற எக்ஸ்86ஐயே 64 பிட்டாக நீட்டி, பழையதும் முழு வேகத்தில் ஓடும்படி ஒரு சிப்பைக் கொடுத்தது. அடுத்த வருடமே இன்டெல் அந்த வழிக்கு வந்துவிட்டது. ஐட்டேனியத்தின் கடைசிச் சரக்கு வெளியே போனது 2021இல். இன்று நம் மேசையில் இருக்கும் 64 பிட் பிசி, பழையதை விட்டுக்கொடுக்காதவனின் வாரிசு.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்

அது டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர், கிராஃபிக்ஸ் கார்டு போன்ற கருவிகளோடு பேச ஓஎஸ்ஸுக்கு உதவும் சிறு நிரல். சாதாரண மென்பொருளுக்குப் பொய் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம். டிரைவர்களில் பல கர்னலுக்குள்ளேயே உட்காருபவை, அங்கே அந்த வித்தை பலிக்காது. 64 பிட் விண்டோஸின் கர்னல் 32 பிட் டிரைவரை ஏற்காது. கருவி நன்றாக இருக்கும், கேபிள் நன்றாக இருக்கும், ஓஎஸ்ஸும் நன்றாக இருக்கும், நடுவில் பேச ஆள் இருக்காது.

என்னிடம் ஒரு ஸ்கேனர் இப்படித்தான் அநாதை ஆனது. 64 பிட்டுக்கு மாறிய அன்று அதைக் கணினி அடையாளம் தெரியாத கருவி என்றது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தது, புதிதாக எழுதும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஏன் இருக்கும்? எனக்கு விற்ற காசு அவர்களுக்கு என்றைக்கோ வந்துவிட்டது. நான் திட்டியது என்னவோ ஓஎஸ்ஸைத்தான். இதில் எந்த "ஓடாது" என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுச் சொருகியபோது, அங்கே யாரோ ஒரு தன்னார்வலர் எழுதி வைத்த டிரைவரால் அது உடனே ஓடியது. அப்புறம்தான் புரிந்தது, இது முடியாத வகை இல்லை, எழுத ஆளில்லாத வகை. மூன்றாவது வகையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் மட்டும்தான் பிரச்சினை என்றால் வழி இருக்கிறது. பழைய ஓஎஸ்ஸையே புதிய ஓஎஸ்ஸுக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் ஒரு பாவனைக் கணினியாக, ஓட வைக்கலாம். விண்டோஸ் 7இன் சில பதிப்புகளில் எக்ஸ்பி மோட் என்று மைக்ரோசாஃப்ட்டே கொடுத்தது இதைத்தான். டாஸ் காலத்து விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்ட வைன் இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் ஏற்க மறுக்கும் 16 பிட் விண்டோஸ் நிரல்கள் சிலவற்றை 64 பிட் லினக்ஸில் வைன் ஓட்டுகிறது, வேடிக்கைதான். இணையத்தோடு பேச வேண்டிய நிரலாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், உள்ளே ஓடும் அந்தப் பழைய ஓஎஸ்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வருவதில்லை.

உங்கள் கணினிக்கு என்று வரும்போது நான் பார்க்கும் வரிசை தலைகீழானது. முதலில் கருவிகள்: பிரிண்டர், ஸ்கேனர், ஒலிக் கருவி, தொழிலுக்கு வேண்டிய எதுவாக இருந்தாலும், அதற்குப் புது ஓஎஸ்ஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இது இல்லையென்றால் பணம் செலவழித்தாலும் அநேகமாக வராது. அடுத்து, மாற்று இல்லாத ஒரே ஒரு மென்பொருள் எது என்று யோசித்து, அது ஓடுகிறதா என்று மட்டும் தேடுங்கள். பிறகு டிபிஎம்: பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும், அணைந்திருந்தால் போடுங்கள். ஏற்கெனவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கணினி பூட் ஆகும்போது அதைக் கேட்டு நிற்கும். ரேமும் டிஸ்க்கும் கடைசி. அவைதான் காசு கொடுத்துச் சேர்க்கக்கூடியவை, அதுவும் ரேமைப் போர்டோடு பற்றவைக்காத மெஷினாக இருந்தால்.